வேடமும் திறனும்: மன்னார்க் கூத்தையும் இணைய விளையாட்டையும் முன்வைத்து ஒரு நோக்கு

வினாவின் தன்மை

ஒருவர் தாமல்லாத இன்னொருவராக நின்று செயற்படும் கலைகள் யாவற்றிலும் இரு கடமைகள் அவர்மீது சுமத்தப்படுகின்றன. ஏற்ற பாத்திரமாகவே நிற்றல் ஒன்று; அப்பாத்திரம் செய்யவேண்டியவற்றைச் செய்யவல்ல திறனை ஈட்டிக்கொள்ளல் மற்றொன்று. அரசனாக வருபவன் அரசனாகத் தோன்றவும் வேண்டும். அரசனுக்குரிய பாட்டைச் சுருதி பிசகாது பாடவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பனவாகவும் அமையலாம். ஒன்றையொன்று விழுங்குவனவாகவும் அமையலாம். எப்போது வளர்க்கின்றன, எப்போது விழுங்குகின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினா இன்று புதியதொரு களத்தில் எழுந்துள்ளது. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் புகுந்து, ஆளுக்கொரு பாத்திரத்தைப் புனைந்து, கற்பனை நாடொன்றில் வாழ்ந்து விளையாடும் இணைய விளையாட்டுக்கள் அக்களமாகும். அவ்விளையாட்டுக்களை ஆக்குவோரும் ஆடுவோரும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக விவாதித்து வரும் பொருள்களுள் ஒன்று, பாத்திரமாக ஒழுகுவதற்கும் பாத்திரத்தின் திறனைப் பெருக்குவதற்கும் இடையே சமன் காண்பது எங்ஙனம் என்பதாகும். அவ்விவாதத்தில் நம்மவர்க்குச் சொல்வதற்கு ஏதுமில்லை என்று கருதுதல் தவறு. மன்னார்த் தீவிலும் அதற்கெதிரே விரியும் மாதோட்டப் பெருநிலத்திலும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டுவரும் நாட்டுக்கூத்து இதே வினாவுக்குத் தனக்கேயுரிய விடையொன்றைக் கண்டிருந்தது. அவ்விடையை விளங்கிக்கொள்வது இணைய விளையாட்டை மதிப்பிட உதவுவதோடு நின்றுவிடாது. நம் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கூத்துக்கு இன்று நேர்ந்துகொண்டிருப்பதையும் தெளிவுபடுத்தும்.

விளையாட்டைக் கலையோடு ஒருங்குவைத்து நோக்குவது சிலருக்கு ஒவ்வாததாகத் தோன்றக்கூடும். ஆயின் கூத்தை 'ஆட்டம்' என்றும் கூத்தரை 'ஆடுவோர்' என்றும் வழங்கும் மொழி நம்முடையது. விளையாட்டையும் நடனத்தையும் ஒரே வினையடியால் சுட்டும் மரபுடைய நாம் இவ்வொப்பீட்டுக்குக் கூச்சப்படவேண்டியதில்லை.

எண்ணாக மாறிய திறன்

இணைய விளையாட்டின் முன்னோடியாக இரண்டைக் குறிப்பிடலாம். ஒன்று, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு. நண்பர் சிலர் கூடியமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, ஒருவர் கதையை நடத்திச் செல்ல, ஏனையோர் தம் பாத்திரமாகப் பேசியும் முடிவெடுத்தும் ஆடுவது அது. பாத்திரம் வென்றவற்றுக்கெல்லாம் அனுபவப் புள்ளிகள் வழங்கப்படும். புள்ளிகள் பெருகப் பாத்திரம் படிப்படியாக உயரும். மற்றொன்று, 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் டிரப்ஷோ, றிச்சர்ட் பார்ட்டில் ஆகிய இரு மாணவர் ஆக்கிய 'மட்' எனும் கணினி விளையாட்டு. படமின்றி எழுத்தாலேயே அமைந்த அவ்வுலகிற் பலர் ஒருங்கே புகுந்து உலாவினர். அங்கும் புள்ளிகளைத் திரட்டி இறுதியில் மந்திரவாதி எனும் உயர்நிலையை எய்துவதே ஆடுவோரின் நாட்டமாயிற்று.

இவ்விரு தொடக்கங்களிலுமே பின்னைய சிக்கலின் வித்து உள்ளது. மேசையைச் சுற்றி நண்பர் அமர்ந்திருந்தவரை புள்ளி, கதைக்குத் துணையாகவே இருந்தது. ஒருவன் தன் பாத்திரத்துக்குப் பொருந்தாத செயலைப் புள்ளிக்காகச் செய்தால் எதிரே இருப்பவர் நகைப்பர். கதை நடத்துபவர் தடுப்பார். முகமறியாத ஆயிரவர் புகும் இணையத்தில் அந்நகைப்பும் இல்லை, அத்தடையும் இல்லை. எஞ்சியது எண் ஒன்றே. கணினிக்கு எண்ணைக் கணக்கிடத் தெரியும். பாத்திரம் பாத்திரமாக ஒழுகிற்றா என்பதை மதிப்பிட அதற்குத் தெரியாது. ஆகவே கணினி எதற்குப் பரிசளித்ததோ அதனையே மக்கள் நாடினர்.

திறன்பெருக்கத்தை அமைப்பதற்கு மூன்று வழிகள் கையாளப்பட்டன. முதலாவது படிமுறை வழி. பகைவரைக் கொல்லுந்தோறும் புள்ளி சேரும். புள்ளி சேருந்தோறும் படி உயரும். இரண்டாவது பயன்பாட்டு வழி. 1997இல் வெளிவந்த 'அல்ட்டிமா ஒன்லைன்' இதற்குத் தக்க சான்று. வாள் வீசுபவனுக்கு வாள்திறன் வளரும். இரும்படிப்பவனுக்குக் கொல்லத்திறன் வளரும். கொள்கையளவில் இது செவ்விய முறையே. ஆனால் நிகழ்ந்தது வேறு. திறனை வளர்ப்பதற்காகவே மனிதர் ஒரே செயலை நூற்றுக்கணக்கான தடவை திரும்பத்திரும்பச் செய்தனர். பின்னர் அச்சலிப்பையும் பொறுக்காது, தாமில்லாதபோதும் பாத்திரம் அதே அசைவைத் தானே செய்துகொண்டிருக்கத் தக்க நிரல்களை எழுதி ஏவினர். கொல்லன் இருந்தான், கொல்லனாக நின்ற மனிதன் அங்கில்லை.

மூன்றாவது கால வழி. ஐசுலாந்தில் ஆக்கப்பெற்று 2003இல் வெளிவந்த 'ஈவ் ஒன்லைன்' இவ்வழியைத் தேர்ந்தது. எத்திறனைக் கற்கவேண்டும் எனத் தெரிவு செய்துவிட்டால், மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ காலங் கழிய அத்திறன் தானே கைவரும். ஆடுபவர் உறங்கும்போதும் பாத்திரம் பயின்றுகொண்டேயிருக்கும். திரும்பத்திரும்பச் செய்யும் சலிப்பிலிருந்து ஆடுபவரை விடுவித்து, அவர் தம் நேரத்தைப் பிறரோடு பழகவும் சூழ்ச்சி செய்யவும் ஆட்சி நடத்தவும் செலவிட இது இடமளித்தது என்பது உண்மையே. எனினும் 2016 முதல் அவ்விளையாட்டிலேயே திறன்புள்ளிகளை ஒரு பாத்திரத்திலிருந்து பிரித்தெடுத்து விற்கவும் வாங்கவும் வழிசெய்யப்பட்டது. காலத்தால் ஈட்டப்பட்டது காசால் ஈட்டப்படுவதாயிற்று. திறன் ஒருவனிடமிருந்து கழற்றி இன்னொருவனிடம் பொருத்தத் தக்க பண்டமாயின், அது யாருடைய திறன் என்னும் வினா எழாதிருக்க முடியாது.

பாத்திரமேற்பை விரும்பியோரின் குரலுக்குச் செவிசாய்த்த முயற்சிகளும் உண்டு. 2004இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஒவ் வார்கிராப்ட்' பாத்திரமாகவே ஒழுக விரும்புவோர்க்கெனத் தனிச் சேவையகங்களை ஒதுக்கிற்று. ஆயின் அங்கும் புள்ளிமுறை மாறவில்லை. பாத்திரமேற்பு ஒரு விருப்பப் பாடம். திறன்பெருக்கமே கட்டாயப் பாடம். பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரையொன்றில் ஆடுவோரைச் சாதனை நாடுவோர், துருவி அறிவோர், கூடிப் பழகுவோர், பிறரைத் தாக்கி மகிழ்வோர் என நால்வகையினராகப் பகுத்தார். இப்பகுப்பு பெரிதும் எடுத்தாளப்பட்டுள்ளது. எனினும் இது ஆடுவோரின் இயல்பைப் பற்றிய பகுப்பேயன்றி ஆட்டத்தின் அமைப்பைப் பற்றியதன்று. ஒருவர் இயல்பாகவே சாதனை நாடுபவர் என்று கூறி அமைதி காண்பதைவிட, அமைப்பு அவரை எதன்பால் உந்துகிறது என வினாவுவதே விமரிசனத்தின் கடன்.

மேற்கண்ட மூன்று வழிகளுக்கும் பொதுவான குறையொன்றுண்டு. மூன்றிலும் திறன் பாத்திரத்தின் உடைமை. ஆடுபவரின் உடம்பிலோ குரலிலோ அறிவிலோ அது படிவதில்லை. பாத்திரம் வாள்வீரனாவதால் ஆடுபவர் வாள்வீரராவதில்லை. உழைப்பு ஒருவருடையது, விளைவு இன்னொருவருடையது. இடைவெளியை நிரப்புவது எண். இவ்விடைவெளிதான் பாத்திரமேற்புக்கும் பயிற்சிக்கும் பகை மூட்டுகிறது.

மன்னார்க் கூத்தின் வழி

இனி மன்னாருக்கு வருவோம். மன்னார்ப் பிரதேசக் கத்தோலிக்க மக்களிடையே நாடகம், வாசகப்பா என வழங்கும் கூத்து வடிவங்கள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. அவை மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு மரபுகளாகப் பகுத்துரைக்கப்படும். முன்னதைத் தென்பாங்கு என்றும் பின்னதை வடபாங்கு என்றும் வழங்குவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'என்றிக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்', 'ஞானசௌந்தரி' ஆகிய நாடகங்களைப் பதிப்பித்ததாலும், 1964இல் 'மன்னார் நாட்டுப் பாடல்கள்' என்னும் தொகுப்பை வெளிக்கொணர்ந்ததாலும் இப்பிரதேசத்தின் வாய்மொழிச் செல்வம் பல்கலைக்கழக உலகின் கவனத்துக்கு வந்தது. சிங்கள மக்களிடையே வளர்ந்த 'நாடகம' எனும் அரங்க மரபு மேற்குக் கரையோரத் தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தின் தொடர்பாற் கிளைத்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். ஆகவே நாம் பேசுவது ஒதுக்குப்புறமான ஒரு கிராமியக் கலையைப் பற்றியன்று.

இக்கூத்தில் வேடமும் திறனும் கொண்டிருந்த உறவை நான்கு கூறுகளால் விளக்கலாம்.

முதலாவது, பாத்திரம் முன்னே, பயிற்சி பின்னே என்னும் ஒழுங்கு. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஊரவரைக் கூட்டி, அவரவர் குரலையும் தோற்றத்தையும் இயல்பையும் நோக்கிப் பாத்திரங்களைப் பகிர்ந்தளிப்பார். அதன் பின்னரே பயிற்சி தொடங்கும். பகலெல்லாம் கடலிலோ வயலிலோ உழைத்தவர் இரவில் ஒன்றுகூடி மாதக்கணக்கிற் பழகுவர். அப்பயிற்சி பெரும்பாலும் ஏற்ற பாத்திரத்தின் பாட்டுக்களையும் அதற்குரிய ஆட்டத்தையும் பழகுவதாகவே அமைந்தது. அரசனாகத் தெரியப்பட்டவன் அரசனின் பாட்டைப் பாடிப் பாடியே பாடகனானான். வேடத்துக்குப் புறம்பாகத் திறன் என ஒன்று அவனுக்குச் சேமித்து வைக்கப்படவில்லை.

இரண்டாவது, பாத்திரத்தின் பொதுமை. இரண்டு மூன்று இரவுகளுக்கு நீளும் நாடகங்களில் ஒரே பாத்திரத்தைப் பலர் பங்கிட்டு ஏற்பதுண்டு. முதற்பகுதியில் ஓர் அரசன்; நடுச்சாமத்துக்குப் பின் வேறோர் அரசன்; விடியும்போது இன்னொருவன். ஆள் மாறினும் அரசன் மாறுவதில்லை. ஊரார் அதனை எவ்விதத் தடுமாற்றமுமின்றி ஏற்றுக்கொண்டனர். பாத்திரம் தனியொருவரின் சேமிப்பன்று, ஊரின் பொதுச்சொத்து என்னும் உணர்வே இதற்கு அடிப்படை. இணைய விளையாட்டிலோ பாத்திரம் ஒருவரின் தனியுடைமை. அதனாலேயே அது விற்பனைக்கும் உள்ளாகிறது. பொதுச்சொத்தாய் நிற்பதை எவரும் விற்க இயலாது.

மூன்றாவது, வரவுப் பாட்டு. கட்டியகாரன் கட்டியங் கூறியபின் அரங்கினுட் புகும் பாத்திரம் தன்னைப் பற்றித் தானே படர்க்கையிற் பாடிக்கொண்டு வருவது கூத்தின் வழக்கம். 'நான் வருகிறேன்' என்னாது 'இன்ன அரசன் வருகிறான்' என்னும் பொருள்படப் பாடுவான். யதார்த்த நாடகத்துக்குப் பழகிய கண்ணுக்கு இது குறையாகத் தோன்றலாம். உண்மையில் இது நுட்பமான உத்தி. பாடுபவன் பாத்திரமாகவும் இருக்கிறான்; பாத்திரத்தை நமக்குக் காட்டுபவனாகவும் இருக்கிறான். பிரெஞ்சு அறிஞர் டிடெரோ தம் இறப்புக்குப் பின் 1830இல் வெளிவந்த நூலொன்றில், சிறந்த நடிகன் உணர்ச்சிக்கு ஆட்படாது அதனைத் தெளிந்த அறிவோடு காட்டுபவனே என வாதிட்டார். உணர்ச்சியா, உத்தியா என ஐரோப்பியர் நெடுநாள் வழக்காடிய இதனை, கூத்து ஒரு வரவுப் பாட்டிலேயே தீர்த்துவைத்தது எனலாம். பாடும் திறனே அங்கு பாத்திரம் புகும் வாயில்.

நான்காவது, உடக்கு. பேசாலை முதலிய ஊர்களில் தவக்காலத்தையொட்டி நிகழ்த்தப்பெற்ற 'உடக்குப் பாஸ்' இவ்வாய்வுக்குத் தனிச்சிறப்புடையது. கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் அந்நிகழ்வில் பாத்திரங்களாக நிற்பவை உருவங்களே. அவற்றை இயக்குவோரும் அவற்றுக்காகப் பாடுவோரும் மனிதர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையிற் பணியாற்றி 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழில் ஆக்கிய வியாகுலப் பிரசங்கம் போன்ற நூல்கள் இத்தகைய பாடுகளின் நினைவுகூரலுக்கு உணர்ச்சிப் பின்புலமாயின. இங்குப் பாத்திரத்தின் உடல் வேறு, இயக்குவோரின் உடல் வேறு. இணைய விளையாட்டில் திரையில் அசையும் உருவுக்கும் அதனை விரலால் இயக்கும் மனிதருக்கும் உள்ள உறவு இதுவேயன்றோ? ஆயினும் உடக்கு படி உயர்வதில்லை. அதற்குப் புள்ளி சேர்வதில்லை. இயக்குவோரின் கைத்தேர்ச்சியும் பாடுவோரின் குரலுருக்கமுமே ஆண்டுதோறும் முதிர்கின்றன. திறன் மனிதரிடத்தே தங்குகிறது. உருவம் திறனைக் கோருகிறதேயன்றி அதனைத் தனக்கெனப் பதுக்கிக்கொள்வதில்லை. பாத்திரத்தின் உடல் ஆடுபவரின் உடலினின்றும் பிரிந்திருப்பது தன்னளவிற் குறையன்று என்பதை உடக்குப் பாஸ் மெய்ப்பிக்கிறது. குறை, திறனும் அவ்வுருவத்தோடு பிரிந்து போய்விடும்போதே தோன்றுகிறது.

அரங்கேற்றமும் குரவையும்

இவ்விடத்துத் தமிழ் மரபின் பழைய சான்றொன்றை ஒப்புநோக்குதல் பயனுடையது. சிலப்பதிகாரம் இருவகை ஆடலை நமக்குக் காட்டுகிறது. அரங்கேற்று காதையில் மாதவி ஐந்தாம் வயதிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் அவையில் அரங்கேறுகிறாள். ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் எனத் துறைதோறும் ஆசிரியர் உளர். திறன் முன்னே, வேடம் பின்னே என்பது அங்குள்ள ஒழுங்கு. கடலாடு காதையில் அவள் ஆடும் பதினோராடலில் தெய்வங்களின் கோலங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்கிறாள். திறன் முழுமையுற்றபின் எவ்வேடமும் அவளுக்கு எளிதாகிறது.

ஆய்ச்சியர் குரவையிலோ நிலைமை வேறு. ஆயர் சேரியில் தீநிமித்தங்கள் தோன்றவே, மாதரி ஏழு மகளிரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களை முறையே அவர்களுக்கு இடுகிறாள். பின்னர்க் குரலெனப் பெயர்பெற்றவள் மாயவனாகவும், இளியெனப் பெயர்பெற்றவள் பலதேவனாகவும், துத்தமெனப் பெயர்பெற்றவள் நப்பின்னையாகவும் கொள்ளப்படுகின்றனர். ஒரு பெண் ஒரே வேளையில் ஓர் இசையாகவும் ஒரு தெய்வமாகவும் நிற்கிறாள். அவள் தன் இசையிற் பிழைத்தால் மாயவன் பிழைத்தவனாவான். திறனின் பெயரும் வேடத்தின் பெயரும் ஓருடலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துள்ளன. இவ்வாடலுக்கு ஏழாண்டுப் பயிற்சி கூறப்படவில்லை. சேரியின் துயர் நீங்கவேண்டும் என்னும் தேவையே கூறப்படுகிறது.

மாதவியின் வழி அரசவையின் வழி. குரவையின் வழி ஊரின் வழி. மன்னார்க் கூத்து இரண்டாவதற்கு அணித்தானது. நோய் நீங்கவும் மழை பெய்யவும் வேண்டியும், புனிதருக்கு நேர்த்திக்கடனாகவும் கூத்து ஆடப்பட்ட ஊர்களில் பாத்திரமேற்றல் ஒரு கடமை. கடமைக்கு வேண்டிய அளவு திறன் போதும். ஆயின் அந்த அளவு தவறாது வேண்டும். இதனையே நாம் மன்னார்க் கூத்தின் சமன் எனக் கருதுகின்றோம். இருபுறமும் எடைபோட்டுப் பாதிபாதியாக நிறுத்தும் சமனன்று இது. வேடம் கோருவதைத் திறன் ஈடுசெய்வது. வேடம் கோராததைத் திறன் தேடிச்செல்லாதிருப்பது.

சமன் குலைந்த இடங்கள்

கூத்தின் பழைய நிலை குறையற்றதென இதனாற் கூறியதாகாது. குரலின் வலுவே பெருமையெனக் கருதப்பட்ட இடங்களில், உச்சத்தொனியிற் பாடும் போட்டி பாட்டின் பொருளை மூழ்கடித்ததுண்டு. பெண் பாத்திரங்களையும் ஆடவரே ஏற்றமையால் ஊரின் பாதிப்பேர் அரங்குக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். யாருக்கு எப்பாத்திரம் என்னும் பகிர்வில் குரல் மட்டுமன்றி ஊரின் மதிப்புநிலைகளும் செல்வாக்குச் செலுத்தின. பழமையைப் போற்றுவோர் இவற்றை மறைத்தல் நேர்மையன்று.

1956இல் பேராதனையில் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கில் ஏற்படுத்திய எழுச்சியை அடுத்து, தமிழ்க் கூத்தையும் புதுக்கும் பணியைப் பேராசிரியர் வித்தியானந்தன் மேற்கொண்டார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' முதலிய தயாரிப்புக்கள் விடியவிடிய ஆடப்பட்ட கூத்தை ஒரு மாலைப்பொழுதின் அளவுக்குச் சுருக்கி நகர மேடைக்குக் கொணர்ந்தன. இவற்றுக்கு மூலம் மட்டக்களப்புக் கூத்து மரபாயினும், அவற்றின் விளைவு மன்னார் உட்பட எல்லாப் பிரதேசத்துக் கூத்தையும் பாதித்தது. 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாகத் தோன்றிய சி. மௌனகுரு, ஆட்டத்தை உள்ளப் போராட்டத்தின் வெளிப்பாடாக ஆக்கினார். இங்கே சுருக்கம் வேடத்தின் பொருட்டுச் செய்யப்பட்டது. மிகையான அலங்காரத் திறன் களையப்பட்டு, பாத்திரம் ஆழப்படுத்தப்பட்டது. ஆகவே அது சமனைக் குலைக்கவில்லை; வேறோர் இடத்தில் மீளநிறுவியது.

குலைவு நேர்ந்தது அதன் வாரிசுகளிடத்தே. தமிழ்மொழித்தினப் போட்டி முதலியவற்றில் கூத்து ஒரு போட்டி நிகழ்ச்சியாயிற்று. பாடசாலைகளிற் கூத்து நிலைபெறுவதற்கு இப்போட்டிகள் துணைநின்றமை மறுக்கவியலாத உண்மை. போர்க்காலத்தில் ஊர்கள் பெயர்ந்து, இரவில் ஒன்றுகூடல் அரிதாகி, அண்ணாவிமார் பலர் தம் களரிகளை இழந்த பதிற்றாண்டுகளில் கூத்தின் பெயரையாவது இளந்தலைமுறை அறிந்தது பெரும்பாலும் பாடசாலை வழியாகவே. ஆயின் போட்டிக்கு நடுவர் வேண்டும். நடுவருக்குப் புள்ளி வேண்டும். புள்ளிக்கு எண்ணத்தக்க கூறுகள் வேண்டும். ஆட்டம், பாட்டு, தாளம், உடை, ஒப்பனை எனக் கூறுகூறாக மதிப்பிடும்போது, இக்கூறுகள் யாவும் யாருக்காக என்பதை எவரும் வினாவுவதில்லை. சில நிமிடங்களுக்குள் அடக்கவேண்டிய கட்டாயத்தில் கதை கழிகிறது. கதை கழியப் பாத்திரம் கழிகிறது. எஞ்சுவது சுழற்சியும் வேகமும் ஒருமித்த அடிவைப்பும். மூவிராசாக்கள் கதையில் ஏரோது அஞ்ச வேண்டிய இடத்தில், ஏரோதாக வந்த மாணவன் அஞ்சுவதற்கு நேரமின்றி அடுத்த அடிக்குத் தாவுகிறான். அவனுடைய தாளம் பிழையற்றது. அவன் ஏரோது அல்லன்.

இணைய விளையாட்டில் எண் வேடத்தை விழுங்கியது போலவே, இங்கு மதிப்பெண் வேடத்தை விழுங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே நோயின் இரு தோற்றங்கள். அளக்கத் தக்கதை அளக்கத் தொடங்கி, அளந்ததையே குறிக்கோளாகக் கொண்டு, அளக்கவியலாததை மறந்துபோதல் இந்நோயின் போக்கு. 2001இல் தோன்றிய 'ரூன்ஸ்கேப்' என்னும் விளையாட்டிற் பலகாலம் ஒரு திறனின் உச்சப்படி 99 ஆக இருந்தது. சேர்க்கவேண்டிய புள்ளிகளை நோக்கின் 92ஆம் படிதான் அதற்குச் சரிநடுவழி. எஞ்சிய ஏழு படிகளுக்காக, அதுவரை செலவிட்ட உழைப்பை மீண்டுமொரு முறை செலவிட்டோர் எண்ணிலர். அவர்களைப் பார்த்து நகைக்கும் ஆசிரியர், தம் மாணவர் மாகாணப் போட்டிக்காக ஒரே ஐந்து நிமிடக் காட்சியைப் பல மாதம் மெருகிடுவதையும் நினைத்துப்பார்த்தல் நன்று.

எதிர்வாதமும் தெளிவும்

இங்கு ஒரு மறுப்பு எழும். திறனைக் குறைத்துப் பேசுவது பயிற்சியின்மைக்கு இடங்கொடுப்பதாகாதா? பாடத் தெரியாத அரசன், உணர்ச்சி மிகுந்தவனாயினும், சபைக்கு நகைப்பையன்றோ தருவான்? இம்மறுப்பு வலுவுடையது, இதனை ஏற்கவே வேண்டும். இணையத்திலும் பாத்திரமேற்பே போதுமெனத் திறனமைப்பை முற்றும் நீக்கிய குழுக்கள் உண்டாயின், அங்கு ஒவ்வொருவனும் தன் பாத்திரத்தை நிகரற்ற வீரனாகக் கூறிக்கொள்வதைத் தடுப்பதற்கு வழியில்லாது போகும். திறனுக்கு எல்லை வகுக்கப்படாத இடத்தில் வேடம் வெறுங் கூற்றாகிவிடும். வேடத்துக்கு எதிர்ப்பட்டு நிற்கும் கடினமே அதனை மெய்யாக்குகிறது.

எனவே வேண்டியது திறனை ஒழிப்பதன்று. அதற்கு அளவும் இடமும் காண்பது. 'அல்ட்டிமா ஒன்லைன்' தொடக்கத்தில் வகுத்த ஒரு விதி இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. தனித்திறன் ஒன்றின் உச்சம் 100. எல்லாத் திறன்களின் கூட்டுத்தொகை 700ஐத் தாண்டலாகாது. ஒருவன் எல்லாமாகிவிட முடியாது. சிலவற்றைக் கைவிட்டே சிலவற்றைக் கொள்ளலாம். இவ்வரையறையே பாத்திரத்துக்கு முகம் தந்தது. மருந்து கலக்கத் தெரிந்தவன் வாள்வீரனைத் தேடிச்செல்ல நேர்ந்தது. தேடிச்சென்றபோது உரையாடல் பிறந்தது. உரையாடல் பிறந்தபோது வேடமும் பிறந்தது. கூத்தில் அண்ணாவியார் செய்ததும் இதுவே. எல்லாரையும் எல்லாம் பழகவிடாது, ஆளுக்கொரு பாத்திரத்தை ஒப்படைத்து, ஒருவரின் பாட்டு முடியும் இடத்தில் மற்றவரின் பாட்டு தொடங்குமாறு அவர் அமைத்தார். குறைவுடைய மனிதர் ஒருவரையொருவர் வேண்டிநிற்பதிலேதான் நாடகம் இருக்கிறது.

முடிபு

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துக்களைத் தொகுத்துரைக்கலாம். ஒன்று, வேடத்துக்கும் திறனுக்கும் இயல்பான பகையில்லை. திறன் ஆடுபவரிடமிருந்து பிரிந்து எண்ணாக உறையும்போதே பகை தோன்றுகிறது. இரண்டு, எண்ணின் ஆட்சி கணினிக்கு மட்டும் உரியதன்று. நம் போட்டி மேடைகளிலும் அது நடைபெறுகிறது. மூன்று, இவ்வாட்சியைக் கட்டுப்படுத்தவல்லது எதிரே அமர்ந்திருக்கும் சபையே. மேசை விளையாட்டின் நண்பர் குழுவும், விடியவிடிய விழித்திருந்த மன்னார்ச் சபையும் செய்த பணியை எந்தப் புள்ளித் திட்டமும் செய்யமுடியாது. பாத்திரம் பாத்திரமாக நின்றதா என்பதற்குக் கண்டவரே சான்று.

பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நமக்கு இதனால் ஒரு கடமையும் உண்டாகிறது. 1960களின் பதிப்புக்கள் கூத்தின் பாடத்தை நமக்குக் காத்தளித்தன. பாடத்துக்குப் புறம்பாக, அப்பாத்திரம் எவ்வாறு ஒரு மீனவனின் குரலில் ஏறிற்று, அண்ணாவியார் யாருக்கு ஏன் எதைக் கொடுத்தார், எவ்விடத்தில் திருத்தினார், எவ்விடத்திற் போதும் என்று நிறுத்தினார் என்பன இன்னும் முதியோர் சிலரின் நினைவிலேயே உள்ளன. கூத்தின் பனுவல்களைப் பதிப்பித்தது போலவே அதன் பழக்குமுறையையும் பதிவுசெய்தல் வேண்டும். பாடசாலைப் போட்டிகளுக்கு ஒரு கூத்தின் துணுக்குகளை அல்லாது முழுமையான ஒரு காட்சியையேனும் கோரவேண்டும். மதிப்பீட்டில் ஆட்டத்தையும் பாட்டையும் தனித்தனியே நோக்காது, அவை பாத்திரத்துக்கு எவ்வளவு துணைநின்றன என்பதை நோக்கவேண்டும்.

கைத்தொலைபேசியில் இரவெல்லாம் ஒரு வீரனைப் பயிற்றும் இளைஞனை நாம் எளிதிற் கடிந்துகொள்கிறோம். இன்னொருவனாக நின்று பார்க்கவேண்டும் என்னும் அவனது வேட்கை, அவன் பாட்டனைக் கூத்துக்களரிக்கு அழைத்த அதே வேட்கைதான். பாட்டனுக்கு அவ்வேட்கை ஒரு குரலையும் ஒரு சபையையும் தந்தது. பேரனுக்கு ஓர் எண்ணை மட்டுமே தருமாயின், குறை அவனிடத்தன்று. அவன் கையில் நாம் வைத்த அமைப்பினிடத்தது.